நாணயச் சேகரிப்பு தொலைந்தாலும் அதன் மதிப்பு தொலையாமல் இருக்க: ஆவணம் முதல் காப்பீடு வரை முழுமையான வழிகாட்டி

நாணயம் சேர்ப்பவரிடம் "உங்களிடம் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, யாரிடம் வாங்கியது, எவ்வளவு பேரம் பேசியது எல்லாம் மூச்சுவிடாமல் சொல்வார். "இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

திருட்டோ தீயோ வெள்ளமோ வந்த பிறகு அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பட்டியலைப் படிக்கப்போகிறவர்கள் வேறு ஆட்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர், புகார் எழுதிக்கொள்ளும் காவலர், நீங்கள் இல்லாத காலத்தில் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள். இவர்களில் யாருக்கும் நாணயத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத ஆரம்பியுங்கள். ஒரே மாதிரியான ஐம்பது நாணயங்கள் உள்ள தட்டிலிருந்து, உங்கள் குறிப்பை மட்டும் வைத்து அவர்களால் உங்கள் நாணயத்தைப் பொறுக்கி எடுக்க முடிந்தால் உங்கள் ஆவணம் தேறியது.

பாலிசி எடுப்பது அப்புறம். முதலில் ஆவணம். கையில் பட்டியல் இல்லாமல் எடுத்த பாலிசிக்கு பிரீமியம் கட்டலாமே தவிர, க்ளைம் வாங்குவது குதிரைக்கொம்புதான்.

படி 1: மூன்றாகப் பிரியுங்கள்

ஆயிரம் நாணயங்களையும் ஒரே அளவு கவனத்துடன் பதிவு செய்யப் புறப்பட்டவர்கள் நூறைத் தாண்டுவதில்லை. எனவே முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

முதல் பிரிவு, தனித்தனியாக மதிப்புள்ளவை. அரியவை, நல்ல கிரேடு (நிலைக்கான தர மதிப்பு) வாங்கியவை, பழங்காலத்தவை. இவை ஒவ்வொன்றுக்கும் முழுப் பதிவு வேண்டும். இரண்டாவது, உலோக மதிப்புக்காக வைத்திருக்கும் தங்க, வெள்ளிக் காசுகள். இவற்றின் விலை சந்தையோடு ஏறி இறங்குகிறது. பல பாலிசிகள் இவற்றைச் சேகரிப்பு நாணயங்களோடு சேர்த்து எண்ணுவதும் இல்லை. அதனால் தனிப் பட்டியல் போடுங்கள். மூன்றாவது, மிச்சமிருக்கும் சில்லறை: புழக்கத்தில் பொறுக்கியவை, நகல்கள், மாற்றிக்கொள்ள வைத்திருப்பவை. இவற்றை ஆல்பம் ஆல்பமாகவோ பை பையாகவோ எண்ணிக்கை எழுதி, ஒரு பொதுப் படம் எடுத்தால் போதும்.

எல்லைக்கோடு எங்கே என்பது உங்கள் விருப்பம். "இது ஒன்று மட்டும் காணாமல் போனால் நான் க்ளைம் கேட்பேனா?" என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் அது முதல் பிரிவில் சேரும்.

படி 2: எண் கொடுங்கள்

ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரே ஒரு எண். அந்த எண் நாணய உறையிலும், பட்டியலிலும், படத்தின் கோப்புப் பெயரிலும், ரசீதின் மூலையிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நாணயத்தை விற்றுவிட்டால் அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். "விற்றது" என்று தேதியோடு குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். உறையில் எண் மட்டும் போதும். விலையை எழுதிவைத்தால், எதை முதலில் எடுக்கலாம் என்று திருடனுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி.

படி 3: அளந்து பாருங்கள்

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசும், விட்டமும் தடிமனும் அளக்க பிளாஸ்டிக்கால் ஆன காலிப்பரும் போதும். உலோகக் காலிப்பரின் தாடை வழுக்கினால் கீறல் நிச்சயம். மேசையில் மெத்தென்ற துணி விரித்து, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து வேலை செய்யுங்கள். தராசைத் தெரிந்த எடைக்கல் வைத்து அவ்வப்போது சரிபாருங்கள்.

எடை, விட்டம், தடிமன் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் விட்டுவிடும் இன்னொரு அளவு, அச்சுத் திசை. முகப்பு நேராக இருக்கும்படி நாணயத்தை மேலும் கீழுமாக இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து, பக்கவாட்டில் திருப்புங்கள். பின்புற உருவம் நேராக நின்றால் 12 மணி. தலைகீழாக வந்தால் 6 மணி. இயந்திரத்தில் அச்சடித்தவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும். சம்மட்டியால் அடித்து உருவாக்கிய பழங்காசுகளிலோ கோணம் எப்படி வேண்டுமானாலும் அமைந்திருக்கும். ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு காசுகளைக்கூட இந்தக் கோணத்தை வைத்து வேறுபடுத்திவிடலாம். 2 மணி, 7 மணி என்று கடிகார முள்ளைப் போலவே எழுதுங்கள், யாருக்கும் புரியும்.

உலோகத்தில் சந்தேகம் இருந்தால் ஒப்படர்த்தி பார்க்கலாம். காற்றில் உள்ள எடையை, நூலில் கட்டி நீரில் முழுதாக மூழ்கவைக்கும்போது குறையும் எடையால் வகுத்தால் வருவது அது. சுத்தத் தங்கத்துக்கு 19.3, வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96 வர வேண்டும். செம்பு நாணயங்களையும், நிறம் மாறிப் பாசி பிடித்தவற்றையும் இந்தச் சோதனைக்காக நீரில் இறக்காதீர்கள்.

படி 4: வர்ணனை எழுதுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த, மரியா தெரேசா தாலர் என்ற வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்வோம். அந்த அரசி 1780-இல் இறந்தார். அதற்குப் பிறகும் வியன்னா, மிலான், லண்டன், பாரிஸ், பர்மிங்காம், பம்பாய் என்று பல நாணயச்சாலைகள் அதே காசை, அதே 1780 என்ற ஆண்டோடு, வணிகத்துக்காக அடித்துக்கொண்டே இருந்தன. "பெரிய வெள்ளி நாணயம், 1780, அரசி உருவம், நல்ல நிலை" என்று உங்கள் பட்டியலில் இருந்தால், உலகில் இருக்கும் கோடிக்கணக்கான காசுகளில் எதுவும் அதற்குப் பொருந்தும். அவற்றில் மிக மலிவானதற்கு உரிய தொகையைத்தான் நிறுவனம் தரும். அப்படித் தருவதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

அதே காசை இப்படி எழுதலாம்:

"எண் 017. மரியா தெரேசா தாலர். ஆண்டு 1780 என்று பொறித்துள்ளது, பிற்கால மறு அச்சு. வெள்ளி, 833 தரம். எடை 28.05 கிராம். விட்டம் 40.0 மி.மீ. விளிம்பில் புடைத்த எழுத்துகள், தேய்மானம் இல்லை. முகப்பு: அரசியின் கன்னத்துக்கு எதிரே, 4 மணித் திசையில், விளிம்பிலிருந்து உள்நோக்கி 3 மி.மீ. நீளக் கீறல். பின்புறம்: இரட்டைத் தலைக் கழுகின் இடது சிறகுக்கு மேலே குண்டூசித் தலை அளவு பள்ளம். 7 மணி அருகே விளிம்பில் சிறு நசுங்கல். ஓரங்களில் சாம்பல் கலந்த நீல நிறமாற்றம்."

கடைசி நான்கு வாக்கியங்களில்தான் விஷயமே இருக்கிறது. கீறல், பள்ளம், நசுங்கல், அச்சு விரிசல், மையம் தவறிய அடி, நிறம் மாறிய இடம் எல்லாம் அந்தக் காசின் கைரேகை. விற்கும்போது மறைக்கத் தோன்றும் குறைகளை இந்தப் பட்டியலில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். குறையே இல்லாத நாணயத்தைத்தான் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம்.

கேட்லாக் எண்ணையும் சேருங்கள். நவீன உலக நாணயங்களுக்கு க்ராஸ்-மிஷ்லர் கேட்லாக்கின் கே.எம். எண், ரோமப் பேரரசுக் காசுகளுக்கு 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' நூலின் ஆர்.ஐ.சி. எண், அல்லது நுமிஸ்டா என்ற இணையதளத்தின் எண். உங்களுக்கும் இன்னொரு நாட்டு வியாபாரிக்கும் பொதுவான மொழி அது. ஆனால் அந்த எண் ஒரு வகையைக் குறிக்கிறதே தவிர உங்கள் காசைக் குறிப்பதில்லை.

கிரேடைப் பொறுத்தவரை நீங்களே போட்ட மதிப்பை "என் மதிப்பீடு" என்று குறியுங்கள். வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் இன்று தொழில்முறை நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அவற்றில் முக்கியமான பி.சி.ஜி.எஸ். 1986-லும் என்.ஜி.சி. 1987-லும் தொடங்கியவை. இவர்கள் நாணயத்தைச் சோதித்து, கிரேடு போட்டு, எண்ணோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிறார்கள். சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாப் என்பார்கள். ஸ்லாப் எண் இருந்தால் காப்பீட்டுக்காரருடன் பாதி வாதம் குறையும். போலி ஸ்லாப்களும் உலவுவதால், வாங்கியதும் நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்து, வந்த பக்கத்தைச் சேமித்து வையுங்கள். ஸ்லாப்புக்குள் இருக்கும் காசுக்கும் மேலே சொன்ன கைரேகைக் குறிப்பு வேண்டும். திருடியவன் முதலில் செய்வது ஸ்லாப்பை உடைத்துப் போடுவதுதான்.

எல்லாக் காசையும் கிரேடிங்குக்கு அனுப்ப வேண்டுமா? தேவையில்லை. காசின் மதிப்போடு ஒப்பிட்டால் கட்டணமும் அனுப்பும் ஆபத்தும் சின்னதாகத் தெரியும் காசுகளை மட்டும் அனுப்பலாம்.

படி 5: படம் எடுங்கள்

நல்ல போன் கேமராவே போதும். அதைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் நேர் மேலாகப் பொருத்துங்கள். கேமரா சாய்ந்தால் வட்டம் முட்டை வடிவாகிவிடும், அளவுகளை ஒப்பிட முடியாது. 10 மணித் திசையிலும் 2 மணித் திசையிலும் இரண்டு விளக்குகள், பின்னணிக்குச் சாம்பல் நிறத் தாள், ஓரத்தில் ஒரு சிறு அளவுகோல், கூடவே நாணய எண் எழுதிய துண்டு. முகப்பு, பின்புறம், விளிம்பு மூன்றையும் எடுங்கள். விளிம்பை எடுக்க எல்லோருக்கும் சோம்பல். ஆனால் அங்கே இருக்கும் நசுங்கலும் எழுத்தும்தான் பல சமயம் ஒரு காசை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கீறல் தெரியாது. விளக்கு ஒன்றை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி இன்னொரு படம் எடுத்தால் மேற்பரப்பின் மேடு பள்ளமெல்லாம் வெளியே வரும். அழகான படம் ஆல்பத்துக்கு, இந்த அசிங்கமான படம் க்ளைமுக்கு. நிறத்தையும் பளபளப்பையும் ஃபில்டர் போட்டு மாற்றாதீர்கள். படத்துக்காகக் காசைத் தேய்த்துத் துலக்குவது அதைவிட மோசம், அதன் மதிப்பு அந்த நிமிடமே சரிந்துவிடும்.

ஸ்லாப் நாணயம் என்றால் லேபிளும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி பெட்டியோடு ஒரு படம் சேருங்கள். கடைசியாக, ஆல்பங்களை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டும் ஒரு காணொளி. எல்லாம் ஒரே இடத்தில், உங்கள் வசம் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகக்கூடும். குழுக்களில் பெருமைக்குப் பகிரும் படமே உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லிவிடலாம். பகிரும் பிரதியில் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள்.

படி 6: எப்படி வந்தது என்பதற்கான காகிதங்கள்

ரசீது, ஏல நிறுவனத்தின் பில், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, விற்றவருடன் நடந்த மின்னஞ்சல், நாணயத்தோடு வந்த பழைய சீட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அந்தந்த எண்ணில் போடுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த கடை ரசீதுகள் சில வருடங்களில் வெள்ளைத் தாளாகிவிடும், அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். தாத்தா கொடுத்த காசுக்கு ரசீது ஏது? யார், எப்போது, எந்தச் சூழலில் கொடுத்தார் என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய குடும்பப் படங்கள், உயில், பாகப்பிரிவினைப் பத்திரம் எதிலாவது அந்தக் காசுகள் வந்திருந்தால் பிரதி எடுத்துச் சேருங்கள்.

பழங்காசு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். கலாச்சாரச் சொத்துகளின் கள்ளக்கடத்தலைத் தடுக்க 1970-இல் யுனெஸ்கோ கொண்டுவந்த உடன்படிக்கை, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருட்களின் வரிசையில் நாணயங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பல நாடுகளில் பூமியிலிருந்து கிடைத்த புதையலுக்கும், பழம்பொருள் ஏற்றுமதிக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. காசு எந்த வழியில் உங்களிடம் வந்தது என்று காட்ட முடியாவிட்டால் க்ளைம் சிக்கலாவது ஒருபக்கம், காசே உங்களுடையதா என்ற கேள்வி மறுபக்கம் எழும்.

படி 7: மதிப்புப் போடுங்கள்

ஒரு காசுக்கு ஒரே நாளில் நான்கு விலைகள் இருக்கும். நீங்கள் அன்று வாங்கிய விலை. இன்று வியாபாரி உங்களிடமிருந்து வாங்கும் விலை. அதே வியாபாரி விற்கும் விலை. ஏலத்தில் போன விலை. காப்பீட்டுக்கு வேண்டியது, இன்று அதே தரத்தில் இன்னொன்றை வாங்க உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது. ஏல விலையை எடுத்தால், சுத்தியல் விழுந்த தொகை மேல் வாங்குபவர் கட்டும் கமிஷனையும் கூட்டிக்கொள்ளுங்கள். விற்பனைத் தளங்களில் போட்டிருக்கும் கேட்கும் விலையை நம்ப வேண்டாம். யாரும் வாங்காமல் வருடக்கணக்கில் கிடக்கும் விலையும் அதில் சேர்ந்திருக்கும்.

ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் ஆதாரமும் தேதியும் எழுதுங்கள். முதல் பிரிவில் உள்ள பெரிய காசுகளுக்கு ஒரு தொழில்முறை மதிப்பீட்டாளரின் எழுத்துச் சான்று வாங்குவது நல்லது. மதிப்பிடுபவரே அந்தக் காசை விலைக்குக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உலோக விலைக்கும் சேகரிப்பு விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு வேதனையான எடுத்துக்காட்டு உண்டு. 2022 நவம்பரில் ஜெர்மனியின் மான்ஷிங் ஊர் அருங்காட்சியகத்தில், தொலைபேசிக் கேபிள்களை வெட்டிவிட்டு உள்ளே நுழைந்தவர்கள் 483 கெல்டியத் தங்கக் காசுகளைச் சில நிமிடங்களில் அள்ளிப் போனார்கள். அடுத்த ஆண்டு சந்தேக நபர்கள் பிடிபட்டபோது காசுகளுக்குப் பதில் தங்கக் கட்டிகள்தான் கிடைத்தன. காசுகளில் ஒரு பகுதியை உருக்கியிருந்தார்கள். உருகிய கட்டிக்கு எடைக்கு உரிய விலைதான். அந்த எடைக்கு மேல் என்ன இருந்தது என்று சொல்ல அருங்காட்சியகத்திடம் பதிவுகள் இருந்தன. வீட்டுச் சேகரிப்பில் அதைச் சொல்ல உங்கள் பட்டியல் ஒன்றுதான் உண்டு.

படி 8: பட்டியல் எங்கே இருக்க வேண்டும்?

எக்செல் போதும். சேகரிப்புக்கென்றே வரும் செயலிகளும் நல்லவைதான், ஆனால் நிறுவனம் மூடினால் தரவும் போய்விடும். செயலியைப் பயன்படுத்தினாலும் ஆண்டுக்கு இருமுறை எளிய அட்டவணைக் கோப்பாகவும் பி.டி.எஃப். ஆகவும் வெளியே எடுத்து வையுங்கள்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினித் துறையினர் சொல்லும் இந்த விதி இங்கே அப்படியே பொருந்தும். நாணயப் பெட்டிக்குள்ளேயே பட்டியலை வைப்பவர்கள் நிறையப் பேர். பெட்டி போனால் பட்டியலும் கூடவே போகும். க்ளவுடில் வைத்தால் கடவுச்சொல்லோடு வையுங்கள். எது எவ்வளவு மதிப்பு என்பது ஒரு கோப்பில் இருந்தால், எது எங்கே இருக்கிறது என்பது வேறு கோப்பில் இருக்கட்டும்.

நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் இந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது, பாலிசி யாரிடம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 9: இப்போதுள்ள வீட்டுக் காப்பீட்டைப் படியுங்கள்

"வீட்டுக்குத்தான் பாலிசி இருக்கிறதே, அதிலேயே வந்துவிடும்" என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலும் வராது. பல பாலிசிகள் நாணயத்தைப் பணத்தோடு சேர்த்து ஒரு சின்ன உச்சவரம்பு வைத்துவிடுகின்றன, அல்லது மொத்தமாக விலக்கிவிடுகின்றன. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஹெச்.ஓ.-3 என்ற நிலையான வீட்டுப் பாலிசிப் படிவத்தில் பணம், தங்கம், வெள்ளி, நாணயம், பதக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 200 டாலர்தான் வரம்பு. உங்கள் பாலிசியில் "பணம்", "விலையுயர்ந்த பொருட்கள்", "சேகரிப்புப் பொருட்கள்" என்ற மூன்று தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். புரியாவிட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்வது க்ளைம் நாளில் செல்லாது.

வங்கி லாக்கரில் இருப்பதற்கும் தானாகக் காப்பீடு கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, வைப்புத்தொகைக் காப்பீடு லாக்கர் பொருட்களுக்குப் பொருந்தாது. அதே சமயம், நாணயங்கள் லாக்கரில் இருந்தால் தனிப் பாலிசியின் பிரீமியம் குறைய வாய்ப்புண்டு.

படி 10: பாலிசியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. வீட்டுப் பாலிசியோடு ஒரு கூடுதல் இணைப்பாக எடுக்கலாம். அல்லது சேகரிப்புகளுக்கென்றே உள்ள தனிப் பாலிசி எடுக்கலாம். சேகரிப்பு பெரிதானால் என் ஓட்டு தனிப் பாலிசிக்குத்தான். அங்கே க்ளைமைப் பார்ப்பவருக்குக் கிரேடு என்றால் என்னவென்றாவது தெரிந்திருக்கும்.

அடுத்து, காசுகளை ஒவ்வொன்றாகப் பெயரும் தொகையும் எழுதிச் சேர்ப்பதா, மொத்தத்துக்கும் ஒரே தொகை போடுவதா? மொத்தமாகப் போட்டால் வேலை குறைவு, ஆனால் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று உள்ளே ஒரு வரம்பு ஒளிந்திருக்கும். அந்த வரம்பைத் தாண்டும் காசுகளைத் தனியே எழுதிச் சேர்த்து, மிச்சத்தை மொத்தமாகப் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எந்த அடிப்படையில் பணம் தருவார்கள் என்று கேளுங்கள். "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்றால் பாலிசி எடுக்கும்போதே இருவரும் சம்மதித்த தொகை அப்படியே வரும். "சந்தை மதிப்பு" என்றால் இழப்பு நடந்த நாளில் என்ன விலை என்று மறுபடியும் பேச்சு தொடங்கும். முதலாவதற்குப் பிரீமியம் சற்றுக் கூடினாலும், பெரிய காசுகளுக்கு அதையே எடுங்கள்.

குறைத்துக் காட்டிக் காப்பீடு செய்வது ஒரு பெரிய பொறி. சேகரிப்பின் உண்மை மதிப்பு 100 பங்கு, நீங்கள் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 60 பங்குக்கு மட்டும் காப்பீடு செய்கிறீர்கள் என்று வையுங்கள். 30 பங்கு திருட்டுப் போகிறது. 60-க்குள் தானே, முழுசும் வரும் என்று நினைப்போம். பாலிசியில் சராசரி விதி இருந்தால் 30-இல் 60 சதவீதம், அதாவது 18 பங்குதான் கிடைக்கும். மிச்சம் 12 பங்குக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று கணக்கு.

கையெழுத்துப் போடுமுன் இவற்றுக்கும் பதில் வாங்குங்கள்:

- காரணம் தெரியாமல் காணாமல் போனால் தருவார்களா? கதவு உடைந்த அடையாளம் இருந்தால்தான் தருவோம் என்பவர்களும் உண்டு.
- தொகுப்பில் ஒரு காசு மட்டும் போனால் முழுத் தொகுப்பின் மதிப்புக் குறைவையும் கணக்கில் எடுப்பார்களா?
- புதிதாக வாங்கியது எத்தனை நாள் தானாகக் காப்பீட்டில் இருக்கும்?
- தபாலில், கண்காட்சியில், பயணத்தில், ஆளில்லாத காரில் இருந்தால்?
- வீடு எத்தனை நாள் பூட்டியிருந்தால் காப்பீடு நிற்கும்?
- அவ்வப்போது விற்பதை வியாபாரமாகக் கருதுவார்களா?

எந்த பாலிசியும் தராத ஒன்று, மெதுவாக நடக்கும் சேதம். துரு, நிறமாற்றம், பூச்சி, தவறான துலக்கல் எல்லாம் உங்கள் பொறுப்பு. பி.வி.சி. கலந்த மென்மையான உறைகள் நாளாக ஆக அமிலத்தைக் கசியவிட்டு, காசின் மேல் பச்சையாக ஒட்டும் பசையை உண்டாக்கும். உறைகளை பாலியெஸ்டர் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

படி 11: நிபந்தனைகளைக் காப்பாற்றுங்கள்

இரும்புப் பெட்டகம் இருக்கிறது, அலாரம் இருக்கிறது என்று படிவத்தில் எழுதினால் அவை உண்மையில் வேலை செய்ய வேண்டும். அலாரம் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது தெரிந்தால் க்ளைம் நிராகரிக்கப்படலாம். பேட்டரி மாற்றிய தேதி, பழுது பார்த்த ரசீது இவற்றையும் கோப்பில் போடுங்கள்.

பெட்டகம் வாங்கும்போது தீக்கும் திருட்டுக்கும் தனித்தனித் தரச் சான்று என்பதை மறக்காதீர்கள். தீயைத் தாங்கும் பெட்டகத்தைக் கடப்பாறையால் எளிதில் பிளக்க முடியலாம். காகிதத்துக்கான தீத் தரம் உள்ளே சுமார் 177 டிகிரி செல்சியஸ் வரை சூடாக அனுமதிக்கிறது. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், ஆனால் பிளாஸ்டிக் உறைகளும் ஹார்டு டிஸ்க்கும் அதற்கு வெகு முன்பே காலி. இன்னொரு தொல்லை, இத்தகைய பெட்டகங்களின் சுவருக்குள் இருக்கும் தீத்தடுப்புப் பொருள் ஈரத்தை வெளிவிடும். சிலிக்கா ஜெல் பைகள் வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். சின்ன ஈரப்பத மானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால், வாங்கியது விற்றதைச் சரிபார்த்து மதிப்புகளைத் திருத்தி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். தங்கம், வெள்ளி விலை தாவும் ஆண்டில் இரண்டாம் பட்டியலை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

படி 12: இழப்பு நடந்துவிட்டால்

திருட்டு என்றால் எதையும் தொடாமல் காவல்துறையை அழையுங்கள். எண் வாரியாக, படத்தோடு, காணாமல் போனவற்றின் பட்டியலைப் புகாரோடு இணைத்து, புகார் நகலில் முத்திரை வாங்குங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று பாலிசியில் கெடு இருக்கும். பிறகு வியாபாரிகள், ஏல நிறுவனங்கள், கிரேடிங் நிறுவனங்கள், சேகரிப்பாளர் சங்கங்களுக்கு ஸ்லாப் எண்களையும் படங்களையும் அனுப்புங்கள். திருட்டுக் காசை விற்கப் பார்ப்பவர் அவர்களிடம்தான் வந்தாக வேண்டும்.

தீயோ வெள்ளமோ என்றால் சர்வேயர் பார்க்கும்வரை கரியைத் துடைக்காதீர்கள், சேறு காய்ந்த காசைத் தேய்க்காதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள். நனைந்த காசுகள் அரிக்கத் தொடங்கும் என்பதால் நிறுவனத்திடம் சொல்லிவிட்டு, வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) அலசி, மெத்தென்ற துணியில் ஒற்றி உலர்த்தலாம். உருக்குலைந்த ஸ்லாப்களையும் தூக்கி எறியாமல் எண்ணோடு பையில் போடுங்கள், அவையும் சாட்சிதான்.

காசுகள் மிகத் தாமதமாகவும் திரும்பும். 1967-இல் ஃபுளோரிடாவில் வில்லிஸ் டு பாண்ட் என்ற சேகரிப்பாளர் வீட்டில் முகமூடிக் கொள்ளையர்கள் ஆயிரக்கணக்கான நாணயங்களைப் பறித்துப் போனார்கள். அவற்றில் இருந்த, 1804 என்று ஆண்டு பொறித்த புகழ்பெற்ற வெள்ளி டாலர் ஒன்று 1982-லும், 1866-ஆம் ஆண்டின் மிக அரிய டாலர் 2004-லும் மீட்கப்பட்டன. இப்படி ஒன்று கிடைக்கும்போது அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, க்ளைம் முடிந்த பிறகும் பழைய படங்களையும் புகார் நகலையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

நிறுவனம் பணம் கொடுத்துவிட்டால், பின்னால் கிடைக்கும் காசு பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டா, எந்தத் தொகைக்கு, எத்தனை நாளுக்குள் என்பதை செட்டில்மென்ட் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.